ஆறு வருஷம் ஷெட்டில் கிடந்த மோரிஸ் மைனர்: டிரம் பிரேக்கை நாமே செட் பண்ணலாமா?

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனர் 1000, ஆறு வருஷம் ஷெட்டில் கிடந்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது, பிரேக்தான் தகராறு. முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகிறது, இரண்டாவது மிதிக்குப் பாதியில் நிற்கிறது. வேகம் குறையும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலைக்கு இப்போது ஆளில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் டிஸ்க் பிரேக்காக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். டிரம் பிரேக்கை நானே செட் பண்ண முடியுமா என்பது கேள்வி.

முடியும் தம்பி. முனை மழுங்காத திருப்புளி, ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். ஆனால் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உங்கள் புகார்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அட்ஜஸ்டருக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்றது டிரம், மிதித்தால் அதன் உட்சுவரில் அழுந்தி நிறுத்துவது ஷூ. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அட்ஜஸ்டர் கூட்டும், குறைக்கும். நம்மூரில் பிரேக்கில் என்ன கோளாறு என்றாலும் "ரெண்டு பல்லு டைட் வையி" என்பதுதான் முதல் மருந்து. காய்ச்சலுக்கும் கழுத்து சுளுக்குக்கும் ஒரே கஷாயம் கொடுக்கிற மாதிரி.

முதலில் பெடலிடம் கேளுங்கள். வண்டி நிற்கட்டும், எஞ்சின் வேண்டாம். ஒரு முறை மிதித்து முழுக்க விட்டு, உடனே இன்னொரு முறை மிதியுங்கள். இரண்டாவது மிதியில் பெடல் மேலேயே நின்று, கால் கல்லில் பட்டது போல இருந்தால் இடைவெளி அதிகம் என்று பொருள். இரண்டாவது மிதியிலும் ரப்பர் பந்தை மிதிப்பது போல அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்த காலை எடுக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போயிருக்கிறது, அல்லது எங்கேயோ அந்த ஆயில் கசிகிறது. இந்த மூன்றாவது வகைக்கு அட்ஜஸ்டரைத் தொட்டுப் பிரயோஜனமே இல்லை. தொட்டால் நோய் மறையும், அவ்வளவுதான்.

முதல் மிதியில் ஏன் தரை வரை போகிறது? ஒரு மிதிக்கு மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற ஆயில் கொஞ்சம்தான். வண்டியில் மொத்தம் எட்டு ஷூ. ஒவ்வொன்றும் டிரம்மைத் தொடுவதற்கு நகக்கண் அளவு கூடுதலாக நகர வேண்டியிருந்தாலும், எட்டையும் சேர்த்தால் பெடலின் பயணம் முழுக்க அதிலேயே தீர்ந்துவிடும். அழுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆக உங்கள் முதல் புகாருக்கு அட்ஜஸ்டர்தான் மருந்து என்று தோன்றுகிறது. இடப்பக்கம் இழுப்பது வேறு கதை, பிறகு வருகிறேன்.

ஆறு வருஷம் கிடந்த வண்டி என்பதால் டிரம்மைத் திறக்காமல் வெளியிலிருந்தே டைட் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். திருவட்டாறில் உப்பு குறைவு, ஆனால் ரப்பர் தோட்டத்து ஈரம் ஷெட்டுக்குள் எப்போதும் இருக்கும். டிரம் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும்.

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கித்தான் வேலை செய்யவேண்டும், ஆகவே தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அயனித் துண்டு, புளித்துண்டு எதுவானாலும் சரி. செங்கல் மட்டும் வேண்டாம், பாரம் வந்தால் நொறுங்கும். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள். ஜாக்கியை நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள்.

வீலைக் கழற்றினால் டிரம்மை இரண்டு சின்ன ஸ்குரூ பிடித்திருப்பது தெரியும். இத்தனை வருஷத்தில் அவை இறுகியிருக்கும். திருப்புளியைப் பள்ளத்தில் வைத்து அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள், பெரும்பாலும் இளகிவிடும். டிரம் வர மறுத்தால் முதலில் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். ஷூ தேய்த்த இடத்துக்கு வெளியே விளிம்பு ஒன்று எழும்பியிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு மரச்சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் கழன்று வரும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் அடிக்காதீர்கள். தாத்தா காலத்து லைனிங் (ஷூவின் மேல் இருக்கும் உரசும் பட்டை) என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இன்னொன்று, டிரம் கழன்றிருக்கும்போது வீட்டில் யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது. பிஸ்டன் வெளியே துப்பிக்கொண்டு வந்துவிடும்.

இப்போது பாருங்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஸ்டன். சிலிண்டர் வாயில் இருக்கும் ரப்பர் உறையை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. சொட்டு ஈரம் இருந்தாலும் அந்த சிலிண்டருக்குப் புது கப் போட்டே ஆகவேண்டும், உட்சுவரில் துருப்புள்ளி இருந்தால் சிலிண்டரையே மாற்றவேண்டும். லைனிங் ரிவெட் அடித்ததாக இருந்தால், ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தால் அது டிரம்மைக் கீற ஆரம்பித்திருக்கும்.

பின் சக்கரத்தில் இன்னொரு கண்டம். பின் ஆக்சிலில் இருந்து கியர் ஆயில் ஹப் சீல் வழியாகக் கசிந்து ஷூவை நனைக்கும். மைனருக்கு இது பழைய வியாதி. கசிவு எதிலிருந்து என்று தெரியாவிட்டால் மோந்து பாருங்கள். கியர் ஆயிலுக்கு கந்தக வாடை இருக்கும், விரலில் கொழகொழவென்று நிற்கும். பிரேக் ஆயில் தண்ணியாக ஓடும், பெயிண்ட் மேல் பட்டால் பெயிண்டைத் தூக்கிவிடும். எந்த ஆயிலானாலும் லைனிங் குடித்துவிட்டால் அதைப் பெட்ரோலில் கழுவிக் காயவைக்கிற வேலை வேண்டாம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், சூடானதும் உள்ளே போனது மறுபடி வெளியே வரும். அந்த ஷூவைக் கழற்றிப் போடுங்கள். அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றாமல், இடமும் வலமும் ஜோடியாக.

ஷூ வாங்கும்போது வண்டி எந்த வருஷத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1956-ல் வந்த 948 சிசி மைனர் 1000-க்கு நாலு சக்கரமும் 7 அங்குல டிரம். 1962-ல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் டிரம்மை 8 அங்குலம் ஆக்கினார்கள், பின்னால் 7 அப்படியே. வண்டிக்கு எஞ்சின் மாற்றியிருக்கலாம், ஆகவே புத்தகத்தை நம்பாமல் டிரம்மின் உள்வட்டத்தையே அளந்துவிடுங்கள்.

இனி கதாநாயகன். மைனரின் அட்ஜஸ்டர் நத்தை ஓடு மாதிரி சுருண்டு உயரும் ஒரு சின்னத் துண்டு. பிஸ்டன் முனைக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். முகத்தில் திருப்புளி வைக்க ஒரு பள்ளம். திருப்பத் திருப்ப அதன் உயரம் கூடி, ஷூவை டிரம் பக்கம் தள்ளும். ஒவ்வொரு படிக்கும் டக் என்று விரலில் ஒரு தட்டு தெரியும். அந்த டக் தெரியாவிட்டால் அது துருவில் இறுகியிருக்கிறது. கழற்றி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை ஒரு குன்றிமணி அளவு தடவி மாட்டுங்கள். அதற்குமேல் கிரீஸ் வைத்தால் உருகி லைனிங்குக்குப் போகும். பள்ளத்தின் விளிம்பு மென்மையானது. சின்னத் திருப்புளியைப் போட்டு உருட்டினால் ஒரு நிமிஷத்தில் மழுங்கிவிடும், அப்புறம் கண்ணீர்தான்.

முன்னால் சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர். பின்னால் எத்தனை என்பதை டிரம் கழற்றியிருக்கும்போதே எண்ணி, எந்த மணி திசையில் இருக்கின்றன என்று டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் பேக்பிளேட்டில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். டிரம்மை மூடிய பிறகு அதன் முகத்தில் இருக்கும் ஒரே துளை வழியாகத் தேடவேண்டும், மறந்துபோனால் சுற்றிச்சுற்றித் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பின் சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காரியம். சீட்டுக்கு நடுவே ஹேண்ட்பிரேக் லீவரின் அடியில் இரண்டு கேபிளும் நட்டு போட்டு முடிகிற இடம் இருக்கும். அந்த நட்டுகளைத் தளர்த்தி, கேபிளைத் தொளதொளவென்று ஆக்குங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று கேபிளை இழுத்து முறுக்கியிருப்பார்கள், அது ஷூவைப் பாதித் தூரம் முன்கூட்டியே தள்ளி வைத்திருக்கும். அந்த நிலையில் அட்ஜஸ்டரைத் திருப்பினால் இரண்டு பல்லிலேயே சக்கரம் இறுகும், வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். ஷூவோ டிரம்மில் ஒரு முனையில் மட்டும் சாய்ந்து நிற்கும். ஷூவை முதலில் வையுங்கள், கேபிளைக் கடைசியாக.

இப்போது டிரம்மை மாட்டி, துளையை அட்ஜஸ்டருக்கு நேராகக் கொண்டுவாருங்கள். திருப்புளியை வைத்து வலச்சுற்றாக ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள், இடது கையால் டிரம்மை அசைத்துக்கொண்டே இருங்கள். முதலில் சும்மா சுற்றும். பிறகு "சர்ர்" என்று ஓரிடத்தில் உரசும். அடுத்த படியில் டிரம் நின்றுவிடும். அங்கேயிருந்து ஒரே ஒரு படி பின்னால் வாருங்கள். டிரம் தாராளமாகச் சுற்றவேண்டும். அந்தச் சக்கரத்தின் அடுத்த அட்ஜஸ்டரையும் இப்படியே செய்துவிட்டு, வண்டிக்குள் ஏறி பெடலை நாலைந்து முறை அழுத்தி மிதியுங்கள். மிதிக்கும்போது ஷூ டிரம்மின் வளைவுக்கு ஏற்ப நகர்ந்து நடுவில் உட்காரும். இறங்கி வந்து மறுபடி பார்த்தால், ஒரு படி கூடுதலாக இடம் கிடைத்திருப்பது பலமுறை நடக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் மெக்கானிக்குகள் விடுவது இந்த இரண்டாவது சுற்றைத்தான், பெடலில் ஒரு அங்குலம் வித்தியாசம் வருவதும் இதில்தான்.

உரசல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் மட்டும் வந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. லேத்தில் கொடுத்து மெல்லிசாகச் சீவலாம். பின் சக்கரத்தைச் சுற்றும்போது கியர் நியூட்ரலில் இருந்தாலும் ஆக்சிலுக்குள்ளே இருக்கும் பல்சக்கரங்களால் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றும். அதை ஷூ உரசல் என்று நினைத்துத் தளர்த்திவிடாதீர்கள், காதை டிரம்மிடம் வைத்துக் கேளுங்கள். அட்ஜஸ்டர் கடைசிப் படிக்குப் போயும் ஷூ தொடவில்லை என்றால், லைனிங் தீர்ந்துவிட்டது அல்லது டிரம் சீவிச்சீவிப் பெரிதாகிவிட்டது.

எல்லாம் டிரம் ஆறியிருக்கும்போது. ஓட்டிவிட்டு வந்த கையோடு வேண்டாம். சூட்டில் டிரம் விரிந்திருக்கும், விரிந்த டிரம்முக்கு ஷூவை நெருக்கி வைத்தால் ஆறிச் சுருங்கும்போது பிடித்துக்கொள்ளும். நான் வேலை பழகிய வடசேரி ஆசான் வண்டி வந்து நின்றதும் பானெட்டில் கைகூட வைக்கமாட்டார். "மக்களே, டிரம்மு ஆறட்டும், நீ போயி சாயா குடிச்சிட்டு வா" என்பார். எனக்கு அப்போது அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

ஹேண்ட்பிரேக் கேபிளை இப்போது இழுத்துக்கொள்ளலாம். லீவர் மூன்று நாலு பல் ஏறியதும் இரண்டு பின் சக்கரமும் ஒரே மாதிரி இறுகவேண்டும். ஒன்று நின்று, மற்றது சுற்றினால் சுற்றுகிற பக்கத்து நட்டை மட்டும் ஏற்றுங்கள். லீவரை முழுக்க இறக்கினால் இரண்டும் தாராளமாகச் சுற்றவேண்டும்.

இனி ஒரு சொந்தக் கதை. பெடல் என்றதும் எனக்கு இதுதான் ஓர்மை வரும். நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் மைனருக்குப் பிரேக் செட் பண்ணிக் கொடுத்தார்கள். பெடல் அருமையாக மேலே நின்றது. அங்கிருந்து மார்த்தாண்டம் போகிற வழியில் பார்வதிபுரம் தாண்டும்போது வண்டி கொஞ்சம் கனமாக இழுத்தது. வில்லுக்குறி வருவதற்குள் மூன்றாவது கியருக்கு இறங்கவேண்டியதாயிற்று. தக்கலைக்கு முன்னால் வண்டி நின்றே விட்டது, நாலு சக்கரத்திலும் கருகிய வாடை. முதலில் ஷூவை அதிகமாக நெருக்கிவிட்டார்கள் என்றுதான் திட்டினேன். அப்படியானால் கிளம்பும்போதே இறுகியிருக்க வேண்டுமே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகப்போக ஏன் இறுகியது? முன் சக்கரத்தின் ஏர் எடுக்கும் நிப்பிளை (ஆயில் பாதையில் சேர்ந்த காற்றை வெளியே விடும் சின்னத் திருகை) அரைத் திருப்பு தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் விட்டுக்கொடுத்தது.

மைனரில் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் பக்கம் கிடையாது. டிரைவர் காலுக்கு அடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, சேஸிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். ஆயில் ஊற்றவே தரைவிரிப்பைத் தூக்கி ஒரு மூடியைத் திறக்கவேண்டும். பெடலின் அச்சும் அங்கேதான், ரோட்டுச் சேறு முழுக்க அதன் மேல்தான். என் வண்டியில் அந்த அச்சு துருவில் இறுகி, பெடல் முழுக்க மேலே திரும்பாமல் ஒரு நூல் முன்னாலேயே நின்றிருக்கிறது. பெடல் முழுக்கத் திரும்பினால்தான் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனும் முழுக்கத் திரும்பும். அப்போதுதான் ஆயில் தொட்டிக்குப் போகும் ஊசித்துளை திறக்கும். அது மூடியே இருந்தால், ஓட்டத்தில் ஆயில் சூடாகி விரியும்போது போக இடமில்லாமல் ஷூவைத் தள்ளும். ஷூ உரசும், சூடு கூடும், ஆயில் இன்னும் விரியும். ஒர்க்‌ஷாப்பில் பெடல் உயர்ந்து நின்றதைப் பார்த்து வேலை சுத்தம் என்று கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே தம்பி, பெடலைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கனம் பிடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் பெடல் அச்சைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள், இழுக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு நின்றால் நிப்பிளைத் திறக்கும் சோதனையை நினைவில் வையுங்கள். திறந்ததும் சக்கரம் சுற்றினால் கோளாறு ஆயில் பாதையில். திறந்தும் சுற்றாவிட்டால் ஷூவிலோ கேபிளிலோ. மாஸ்டர் சிலிண்டரையே கழற்றவேண்டி வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் ஓடும் டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பி) குறுக்கே நிற்பதால் போல்ட்டை வெளியே உருவ முடியாது. அந்த வேலையை மட்டும் இந்த வண்டி தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

ஆறு வருஷத்து ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கவேண்டும். ஈரம் ஏறியதற்கு வைத்திருக்கும் அளவே 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி, பெடலில் ஒன்றுமில்லை. ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

இந்த வண்டிக்கு ஒரே ஆயில் பாதை என்பதையும் மறக்கவேண்டாம். எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நாலு சக்கரமும் ஒன்றாகப் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று ரப்பர் ஹோஸ். வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே வீங்கிய ஹோஸும் உண்டு. மிதிக்கும்போது ஆயிலை விடும், திரும்பி வர விடாது. அந்தப் பக்கம் சக்கரம் மட்டும் சூடாகும்.

இடப்பக்கம் இழுப்பதற்கு வருவோம். எல்லாரும் இடது சக்கரத்தைத்தான் கழற்றுகிறார்கள். இழுக்கிற பக்கம் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கலாம், பிடிக்காத பக்கம் வலதாக இருக்கலாம். முதலில் வலது முன் டிரம்மைத் திறந்து பாருங்கள். பிஸ்டன் துருவில் உறைந்திருக்கும், அல்லது லைனிங் ஆயில் குடித்திருக்கும். இரண்டும் சுத்தம் என்றால் இடதுக்குப் போங்கள். அதற்குப் பிறகுதான் டயர் காற்று, ரோட்டின் சாய்வு. இடது அட்ஜஸ்டரை ஒரு படி தளர்த்தி இழுப்பைச் சமன் செய்கிற வித்தையைச் சிலர் சொல்லுவார்கள். நான் வேண்டாம் என்பேன். மெல்லப் பிடிக்கும்போது சமமாகத் தெரியும், அவசரத்தில் அழுத்தினால் வண்டி மறுபடி சாயும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நெரிசல் இல்லாத நேரம், சமமான ரோடு. சுசீந்திரம் தேரூர் பக்கம் வயலுக்கு நடுவே போகும் ரோடு விடியற்காலையில் நன்றாக இருக்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் மட்டும் போகாதீர்கள், அதுவும் ஆடியில். கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறைகிற அறையில் வண்டி இழுக்கிறதா காற்று தள்ளுகிறதா என்று தெரியவே தெரியாது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் பிடியுங்கள். நாலைந்து முறை செய்தபின் இறங்கி, நாலு டிரம் பக்கமும் புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவேண்டாம். இடமும் வலமும் ஒரே சூடாக இருக்கவேண்டும்.

ஒன்று எதிர்பாருங்கள்: ரிவர்சில் பிரேக் மந்தமாகத்தான் இருக்கும். முன் சக்கரத்தில் இரண்டு ஷூவுமே டிரம் முன்னோக்கிச் சுற்றும்போது அதோடு இழுபட்டுத் தானாகவே இன்னும் இறுகும்படி அமைந்தவை. பின்னோக்கிச் சுற்றினால் அதே ஷூவை டிரம் தள்ளிவிடும். உங்கள் பக்கம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏற்றம்தானே, ஏற்றத்தில் பின்னால் இறக்கும்போது ஹேண்ட்பிரேக்கில் கை இருக்கட்டும். அதை அட்ஜஸ்டரால் திருத்த முடியாது.

மலை இறங்கும்போதும் அப்படித்தான். மாறாமலையிலிருந்தோ கோதையாறு ரோட்டிலோ இறங்கும்போது பெடல் போகப்போகக் கீழே போனால் பயந்துபோய் அங்கேயே டைட் வைக்காதீர்கள். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்குங்கள், ஓரம் நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறிய பிறகு பெடல் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் கோளாறு ஒன்றுமில்லை.

மைனர் இல்லாத மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேக்பிளேட்டின் பின்னால் சின்னச் சதுரத் தலை நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆப்பு வகை. ஷூ பிடிக்கும் வரை முறுக்கி, இரண்டு டக் பின்னால் வாருங்கள். பழைய ஜீப்பில் இருப்பது போல ஸ்பேனர் போடும் தலை ஷூவுக்கு ஒன்றாக இருந்தால், உள்ளே மையம் விலகிய வட்டு ஒன்று ஷூவைத் தள்ளுகிறது. அதில் படி கிடையாது, உரசல் நிற்கும் இடம் வரை தளர்த்துவதுதான் கணக்கு. ஜீப்பில் ஷூவின் கீழ்முனைப் பின்னும் மையம் விலகியதுதான். புது லைனிங் போடாதவரை அதைத் தொடாதீர்கள்.

டிஸ்க் மாற்றலாமா என்றால், தினமும் திருவனந்தபுரம் போய்வருகிற வண்டிக்கு நான் தடுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற வண்டிக்கு இந்த டிரம்மே தாராளம். மாற்றச் சொன்னவருக்கு அட்ஜஸ்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

புது ஷூ போட்டிருந்தால் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் லைனிங் டிரம்முக்குப் படிந்துவிடும், பெடல் மறுபடி கொஞ்சம் இறங்கும். அப்போது இன்னொரு முறை சுற்றிவாருங்கள். வண்டியை ஷெட்டில் விடும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டு விடாதீர்கள், மழைக்காலத்தில் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அட்ஜஸ்டர் துளைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் உண்டு, பாதி வண்டிகளில் அது காணாமல் போயிருக்கும். குழித்துறைச் சப்பாத்தில் (ஆற்றுக்குக் குறுக்கே உள்ள தாழ்ந்த பாலத்தில்) கொஞ்சம் வெள்ளம் நிற்கும்போது கடந்தால் அந்தத் துளை வழியாக நேரே லைனிங்குக்குத்தான் போகும், அடுத்த மிதிக்கு வண்டி நிற்காது. அப்படி ஆனால் பெடலை லேசாக மிதித்துக்கொண்டே நூறு இருநூறு மீட்டர் ஊர்ந்து காயவையுங்கள். சைக்கிள் டியூப்பில் வட்டமாக வெட்டி அடைத்தாலும் போதும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.